சில்லில் நிறுத்தி அளவெடுங்கள்

இரும்புக்கு மறுவாழ்வு – 8

சென்ற வாரம் பழைய பிக்கப்புக்கு வேறு கியர் பொக்ஸ் பூட்டுவது பற்றிப் பார்த்தோம். பெட்டி மாறினால் அதன் வால் நீளமும் மாறும். வால் இரண்டு அங்குலம் நீண்டால், அங்கிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் சாஃப்ட் அந்த இரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இதை மறந்து பழைய சாஃப்டையே நெருக்கிப் பூட்டுவதும், கண்மதிப்பில் வெட்டி ஒட்டுவதும்தான் பழைய வண்டிகளை விழுத்துகின்றன.

கிளிவெட்டி போன்ற நெல் விளையும் ஊர்களில் இந்த வண்டிகளைத் தள்ளிவைக்க முடியாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை இருந்ததைத் திருத்தித்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது. இதற்கிடையில் வீதியும் மாறிவிட்டது. இங்கிருந்து மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போக, ஒருகாலத்தில் இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை வண்டியை மிதவைப் பாதையில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. இப்போது அங்கெல்லாம் பாலம். கிண்ணியாப் பாலம் மட்டுமே 396 மீற்றர்; 2009இல் திறக்கப்பட்டது. கிடங்கும் குழியுமான வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் உருண்ட வண்டி, இன்று காபட் வீதியில் 80இல் ஓடுகிறது.

சமநிலை தவறிய சாஃப்ட் உண்டாக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 30இல் இருந்ததைவிட 80இல் அது ஏறத்தாழ ஏழு மடங்கு. சில்லின் சுற்றளவு 2.2 மீற்றர், பின் அச்சின் பல் விகிதம் 4.1 என்று கொண்டால், 80இல் சாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுழலும். மெதுவாக ஓடிய நாட்களில் மறைந்திருந்த கோளாறு, நல்ல வீதி வந்ததும் வெளியே தெரிகிறது.

கியர் பொக்ஸ் சேசிஸோடு நிற்கிறது. பின் அச்சு ஸ்பிரிங்கோடு ஏறி இறங்குகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான தூரம் ஓட ஓட மாறும். அதற்கு இடம் கொடுக்கத்தான் சாஃப்டில் உள்ளும் புறமும் வழுக்கும் ஸ்பிளைன் வைத்திருக்கிறார்கள். சாஃப்ட் நீண்டுவிட்டால், குழியில் விழும்போது வழுக்க இடமில்லாமல் கியர் பொக்ஸின் வாலை இடிக்கும். முதலில் ஒயில் சீல் போகும், பிறகு பெயாரிங், கடைசியில் வார்ப்பே வெடிக்கும். குறுகிவிட்டால் ஸ்பிளைன் பற்கள் கொஞ்சமாகவே கவ்வும். ஆடி ஆடித் தேய்ந்து, ஒருநாள் கழன்று வீதியில் விழும்.

இந்த வாரம் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான்: வண்டி எந்த நிலையில் உழைக்கிறதோ அந்த நிலையில் அளவெடுங்கள். சேசிஸை ஜக்கில் தூக்கி, பின் அச்சைத் தொங்கவிட்டு எடுத்த அளவை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. முதலில் வண்டியைச் சமதரையில், நான்கு சில்லிலும் பாரம் இறங்கும்படி நிறுத்துங்கள். சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். சாஃப்ட் கழன்ற பிறகு கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. வழுக்கும் நுனியை முட்டும்வரை உள்ளே தள்ளி, அங்கிருந்து சுமார் ஒரு அங்குலம் வெளியே இழுத்து வையுங்கள். இப்போது சாஃப்டின் முன் குரோஸ் மூட்டின் நடுவிலிருந்து பின் குரோஸ் மூட்டின் நடுவரை உள்ள தூரம்தான் முதல் அளவு.

இரண்டாவது அளவு பாரத்தோடு. மூடை ஒன்று 65 கிலோ என்றாலும் 15 மூடை நெல் ஒரு தொன்னை நெருங்கும். அந்தப் பாரத்தில் ஸ்பிரிங் தகடுகள் நிமிரும். அவற்றின் முன்நுனி அசையாமல் பூட்டியிருப்பதால் அச்சு சற்றுப் பின்னே தள்ளப்படும். அதே வேளையில் அச்சு மேலேறுவதால் சாஃப்டின் சரிவு குறைந்து, இடைத்தூரம் சுருங்கப் பார்க்கும். எது வெல்லும் என்பது வண்டிக்கு வண்டி வேறு. ஊகிக்காமல் அளந்து பார்ப்பதே வழி. மூன்றாவது, அச்சு முழுக்கத் தொங்கும் நிலை. இந்த மூன்றிலும் ஸ்பிளைன் முட்டவும் கூடாது, பிடி தளரவும் கூடாது.

பூட்டிய பிறகும் ஒரு சோதனை உண்டு. வழுக்கும் பகுதியைத் துடைத்து, அதில் மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள். பாரம் ஏற்றி, மேடுபள்ளமான வயல் வீதியில் ஒருமுறை ஓட்டி வந்து கீழே குனிந்து பாருங்கள். கிரீஸ் வழிக்கப்பட்டு ஒதுங்கியிருக்கும் விளிம்பு, சாஃப்ட் எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். அந்த விளிம்புக்கு அப்பால் இன்னும் இடம் மிஞ்சியிருந்தால் நீளம் சரி.

நீளம் சரியாகி, கோணம் தவறினாலும் அதிர்வு தீராது. குரோஸ் மூட்டு கோணத்தில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 17ஆம் நூற்றாண்டில் ரொபர்ட் ஹூக் ஆராய்ந்த குணம் இது. 10 பாகைக் கோணத்தில் அந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் 1.5 வீதம். முன்மூட்டு கெடுப்பதைப் பின்மூட்டு சரிசெய்ய வேண்டுமானால், இரண்டு மூட்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். சாஃப்டின் இரு நுனியிலும் குரோஸைப் பிடித்திருக்கும் யோக்குகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஸ்பிளைனை ஒரு பல் மாற்றிப் பூட்டினாலே இது கெட்டுவிடும். கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

லேத் பட்டறையில் குழாயை வெட்டி, நுனியை நேராகப் பொருத்தி, நான்கு இடத்தில் மட்டும் பொட்டு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பிறகு சுழற்றி, டயல் கேஜில் வளைவைப் பார்த்தபின்பே முழுதாக ஒட்ட வேண்டும். அந்த வளைவு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்க வேண்டும். பழைய சமநிலைத் தகடுகளை நம்பாதீர்கள். நீளம் மாறினால் மீண்டும் சமநிலை பார்த்தே ஆக வேண்டும்.

வெட்டக் கொடுக்கும் முன் மூன்று அளவுகளையும் தாளில் எழுதி, பட்டறைக்காரரின் கையில் கொடுங்கள். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் உங்கள் வண்டி நெல்லோடு எவ்வளவு இறங்கும் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அளவெடுப்பதில் போகும் அரை நாள், அறுவடை நடுவில் ஒரு கியர் பொக்ஸை இழப்பதைவிட மலிவு.

அடுத்த வாரம்: இரண்டு துண்டு சாஃப்டும் நடுப் பெயாரிங்கும்.