சிவக்காமல் உருகும் உலோகம்

அலுமினியம் என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஞாபகம் வருவது சாதம் வடிக்கும் குண்டானும் பால் காய்ச்சும் பாத்திரமும்தான். கிராமங்களில் அதற்கு ‘ஈயச் சட்டி’ என்றே பெயர். ஈயத்துக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும், பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் பாட்டியின் ரஸாயன சாஸ்திரமே ஜெயித்துவிடுகிறது! அது போகட்டும். அடுப்பங்கரையில் இவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கும் இந்த உலோகம், மோட்டார் வண்டியின் மேற்கூட்டைக் கையாலேயே செய்கிற தொழிலாளியிடம் எவ்வளவு பிடிவாதம் செய்கிறது என்பதைச் சொல்லவே இங்கே முற்படுகிறேன்.

1886-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்ஸில் ஹெரூல் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். அதற்கு முன் அது விலையுயர்ந்த அபூர்வப் பொருள். அடுத்த பன்னிரண்டு வருஷங்களுக்குள், 1898-இல், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை அலுமினியப் பாத்திரம் செய்யும் பரிசோதனையைத் தொடங்கிவிட்டார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய நம் கன்னார்களின் கைக்குப் புது உலோகம் வந்தது இப்படித்தான். நம் தேசத்திலேயே அலுமினியத்தை உருக்கி எடுக்கும் ஆலை 1943-இல் கேரளத்து ஆலுவாயில் வேலை தொடங்கிற்று.

மோட்டார் வண்டியின் ஆரம்ப நாட்களில், கம்பெனிக்காரர்கள் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மாத்திரமே விற்பதுண்டு. அதன்மேல் கூடு கட்டுவது வேறு தொழிலாளரின் பொறுப்பு. சென்னையில் 1840-இல் தொடங்கிய ஸிம்ஸன் கம்பெனி குதிரை வண்டிகளைக் கட்டிய பின்னர்தான் மோட்டார்க் கூடுகளுக்கு வந்தது. கனம் குறைய வேண்டுமென்று சீமையிலே பல கூடுகளை அலுமினியத் தகட்டால் செய்தார்கள். 1948-இல் வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டிக்கும், யுத்தத்துக்குப் பின் எஃகுத் தட்டுப்பாடு இருந்த காரணத்தால், அலுமினியக் கலப்பு உலோகமே மேனியாயிற்று. அந்தப் பழைய வண்டிகளில் தப்பிப் பிழைத்தவற்றை இன்று பொக்கிஷம் போலப் பாதுகாக்கிறவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். அவற்றின் மட்கார்டு ஒன்று நசுங்கினால் புதிது கடையில் கிடைக்காது; கையால் அடித்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கும் எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே போகிறது. சாலை இருக்கும் இடத்தில் நசுங்கிய வண்டியும், நசுங்கிய வண்டி இருக்கும் இடத்தில் டிங்கரிங் பட்டறையும் இருப்பது இயற்கை. எங்கள் பிள்ளைகளில் பலர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு வெல்டர் படிப்பை முடித்துவிட்டு, வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டைக் காஸ் நெருப்பில் இணைக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. இரும்புக்குப் பழகிய கையை நம்பி அலுமினியத்தைத் தொட்டால், கண்ணெதிரே பெரிய ஓட்டை விழுந்துவிடுகிறது.

காரணம் இதுதான். இரும்பு நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். மங்கிய சிவப்பு, பழுத்த சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக நிறம் மாறும். அலுமினியமோ 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். அந்த உஷ்ணத்தில் வெளிச்சத்தில் பார்க்கிற கண்ணுக்கு ஒரு நிறமும் தெரியாது. வெள்ளையாக இருந்தது, வெள்ளையாகவே இருந்து, திடீரென்று கீழே சொட்டிவிடும். சினம் முகத்தில் தெரியாத மனிதரோடு பழகுவது போன்ற சங்கடம்!

இரண்டாவது தொல்லை அதன் தோல். காற்றுப் பட்ட மாத்திரத்தில் அலுமினியத்தின்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடுப் படலம் படிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் உலோகம் 660 டிகிரியில் உருகும்; மேலே இருக்கும் படலமோ 2,000 டிகிரிக்கு மேலே போனால்தான் உருகும். ஆகவே இரண்டு ஓரங்களும் உள்ளுக்குள்ளே நீராகிவிட்ட போதிலும், இடையில் அந்தத் தோல் நின்றுகொண்டு ஒன்று சேரவொட்டாமல் தடுக்கிறது. பொற்கொல்லர் வெண்காரம் வைத்து ஊதுகிறாரே, அது போதாதோ என்றால், அலுமினியத்தின் தோலுக்கு வெண்காரம் மசியாது. லித்தியம், சோடியம், பொட்டாஸியம் முதலியவற்றின் குளோரைடுகளும் புளோரைடுகளும் கலந்த தனிப் பொடி வேண்டும். அதைத் தண்ணீரில் குழைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்த ஓரங்களில் இருபுறமும் பூசுவார்கள். சேர்ப்புக் கம்பிக்காக வெளியே அலைய வேண்டியதில்லை. அதே தகட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய நாடாவைக் கத்தரித்துக்கொண்டால் போதும்.

பொடி போட்டதும் வேறொரு சங்கடம் பிறக்கிறது. அதிலுள்ள சோடியம் நெருப்புப் பட்டதும் மஞ்சளாக ஜொலித்து, உருகும் இடத்தையே மறைத்துவிடும். முற்காலத்தில் நீலக் கண்ணாடி அணிந்து இதைச் சமாளித்தார்கள். ஆனால் நீலக் கண்ணாடி மஞ்சள் ஒளியை மறைக்குமேயன்றி, கண்ணைப் பழுதாக்கும் வெப்பக் கதிரை நன்றாகத் தடுப்பதில்லை. இதற்கென்றே தயாரித்த கண்ணாடிகள் இப்போது கிடைக்கின்றன. விலை அதிகம் என்று பட்டறைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். கண்ணின் விலையை அவர்கள் எந்தக் கடையில் விசாரித்தார்களோ, தெரியவில்லை.

அசெடிலின் நெருப்பின் உஷ்ணம் 3,000 டிகிரிக்கு மேற்பட்டது. அலுமினியத்துக்கு இது மிக அதிகம் என்று தோன்றும். ஆனால் அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக உஷ்ணத்தைக் கடத்திவிடுவதால், ஆரம்பத்தில் எவ்வளவு காட்டினாலும் தகடு அசையாது. பிறகு தகடு முழுவதும் சூடேறியதும் நிலைமை தலைகீழாகிறது. தொடங்கும்போது நிதானம், முடிக்கும்போது ஓட்டம். இந்த வேகக் கணக்குத்தான் வித்தையின் பெரும்பகுதி. இரும்பைப் போல் சுமார் இரு மடங்கு விரிவதால், அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளிப் பற்று வைத்த பிறகே தொடர்ச்சியாக ஓட்ட வேண்டும்.

தகட்டை அடித்து வளைப்பதற்கு முன் அதை இளக்குவது வேறொரு கலை. இங்கேயும் நிறம் உதவாது. பழைய தொழிலாளிகள் தகட்டின் மேல் துணி சோப்பினால் ஒரு கோடு கிழித்துவிட்டு, பின்பக்கம் நெருப்பைக் காட்டுவார்கள். கோடு கருத்ததும் நெருப்பை விலக்கிவிட வேண்டும். பிராணவாயுவைக் குறைத்துத் தகடெங்கும் கரி படிய விட்டு, பிறகு சரியான ஜ்வாலையால் அந்தக் கரி மறையும் வரையில் சூடு காட்டுவதும் உண்டு. வெப்பமானி சொல்வதைச் சோப்பும் கரியும் சொல்கின்றன. இதை வகுப்பில் சொன்னபோது, பௌதிகத்தில் ஒரு நாளும் தலை நிமிராத பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பற்றவைத்து முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. பொடியின் மிச்சத்தைச் சுடுநீர் விட்டு, தூரிகையால் இருபுறமும் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் வர்ணம் பூசினால், அது உள்ளே இருந்துகொண்டு ஈரத்தை இழுத்து, உலோகத்தையே அரித்துவிடும். அதன் பிறகு, இணைப்பின் பின்புறத்தில் இரும்புத் தாங்கியைக் கொடுத்து மேலே சுத்தியலால் மெல்லத் தட்டினால், குளிர்ந்து சுருங்கிய இடம் மறுபடி நீண்டு சமமாகும். நல்ல வேலையில் இணைப்பு எங்கே இருந்தது என்று விரலுக்குத் தெரியாது. பட்டி தடவி மறைத்த வேலையைக் காந்தத்தால் கண்டுபிடிக்கலாமே என்றால், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. தொழிலாளியின் நேர்மை ஒன்றுதான் பரீட்சை.

இக்காலத்தில் ‘ஆர்கான் வெல்டிங்’ வந்துவிட்டதே, இந்தப் பழைய முறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொடி வேண்டாம், கழுவ வேண்டாம், தகடும் அவ்வளவு கோணாது. கனத்த வேலைக்கு அதுவே மேல். ஆயினும் மெல்லிய மேற்கூட்டுத் தகட்டில், காஸ் நெருப்பில் பற்றிய இணைப்பு மிருதுவாக இருந்து சுத்தியலுக்கு இணங்குகிறது என்று தகடடிப்பவர்கள் சொல்லுகிறார்கள். அடித்து உருவாக்கும் தொழிலுக்கு அதுவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயமும் கூட. தவிர, மின்சாரம் அறுந்து போகும் ஊரில் காஸ் அறுந்து போவதில்லை.

அசெடிலின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் வேகவைத்தால் கார்பைடு. கார்பைடின்மேல் தண்ணீர் விட்டால் அசெடிலின். மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, சட்டம் தடை செய்திருக்கும் அந்தக் கல்தான் இது! கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் இருந்த இடமாகிய அரியலூரில், சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறையை வெட்டிச் சிமெண்டு செய்கிறார்கள். அசெடிலினுக்கும் மூலம் அதே ஜாதிக் கல்தான் என்று சொன்னால் எங்கள் பையன்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அபாயங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. கருப்பு உருளையில் பிராணவாயு, மரூன் நிற உருளையில் அசெடிலின். பிராணவாயுக் குழாயில் எண்ணெய்க் கை படவே கூடாது. அசெடிலின் உருளையைப் படுக்க வைக்கக் கூடாது. அதற்குச் செம்புக் குழாயும் ஆகாது. நெருப்புப் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் அடைப்பான் இல்லாத பட்டறையில் என் மாணவன் எவனையும் வேலைக்கு விட மாட்டேன். பொடியிலிருந்து எழும் புளோரைடுப் புகை நுரையீரலுக்கு ஆகாது. திறந்த காற்று அவசியம்.

திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கீழ் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடந்து வருகிறது. பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். மரவேலைக்கோ எங்கும் போக வேண்டாம்: மேற்கூட்டின் வளைவைச் சரிபார்க்க முழு உருவ மரச்சட்டம் ஒன்று வேண்டும்; 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச் சிற்பிகள் பெரம்பலூர் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். தேர்க்குதிரையின் கழுத்தை வளைத்த உளிக்கு ஒரு மட்கார்டின் வளைவு பெரிதா? மரமும் நெருப்பும் தகடும் அறிந்தவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர யாராவது முன்வந்தால், வளைகுடாவுக்குப் போகிற பையன்களில் நாலு பேராவது ஊரில் தங்குவார்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் திருச்சியில் ஒரு முதிய தொழிலாளியிடம் இதைக் கற்று வருகிறான். முதல் மாதம் சேர்ப்புக் கம்பியே கையில் கொடுக்கவில்லையாம். வெறும் தகட்டில் நெருப்பை ஓட்டி, உருகும் குட்டையைக் கண்ணால் பிடிக்கச் சொன்னாராம். அப்புறம் இரண்டு துண்டுகளைச் சேர்த்து, இணைப்பின் மேலேயே மடித்து, சுத்தியலால் தட்டையாக அடிக்கச் சொல்லுகிறார். விரிசல் கண்டால் துண்டு குப்பைக்கு. போன மாதம் வந்திருந்தபோது அப்படி மடித்த துண்டு ஒன்றை என் மேஜைமேல் வைத்தான். பூதக் கண்ணாடி கொண்டு பார்த்தேன், விரிசல் இல்லை. வருகிற தை மாதத்தில் வளைந்த தகட்டைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.