நொடிதோறும் மாறும் பக்கம்

டில்லி மாநகரில் கரோல் பாக் கடைவீதியிலிருந்து மேற்கு நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால், பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தை அடுத்துத் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் அமைந்திருப்பதைக் காணலாம். 1947-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் வல்லபபாய் படேல் இதனைத் திறந்துவைத்தார். தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த பௌதிக மேதை சர் கே. எஸ். கிருஷ்ணன் இதன் முதல் இயக்குநராவார். ஆய்வுக்கூடம் அமைந்துள்ள சாலை இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

நீளம், நிறை முதலியவற்றின் மூல அளவைகளைப் பேணிவரும் இந்த நிலையமே இந்தியத் திட்ட நேரத்தையும் பேணி வருகிறது. ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் குறிப்பிட்டதொரு கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்வதற்கு ஆகும் கால அளவு என 1967-இல் சர்வதேச அளவில் வரையறுக்கப்பட்டது. அவ்வரையறைப்படி இயங்கும் அணுக் கடிகாரங்கள் இங்கு உள்ளன. இவற்றின் நேரம் கணிப்பொறி வலையமைப்பின் வழியே வெளியே அனுப்பப்படுகிறது. சர்க்கார் ஸ்தாபனங்களும் இணையச் சேவை வழங்குவோரும் தங்கள் கணிப்பொறிகளை இந்த ஆய்வுக்கூடத்தின் நேரத்துடனோ, தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்துடனோ, அவற்றோடு தொடர்புடைய வேறு நேர ஆதாரத்துடனோ இணைத்துக்கொள்ள வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட கணிப்பொறிப் பாதுகாப்பு உத்தரவு விதித்துள்ளது. ஆகவே, விண்ணப்பம் பெறும் சர்வர் கணிப்பொறியின் கடிகாரம் சரியாக இருக்கும் என எதிர்பார்க்க இடமுண்டு. விண்ணப்பிப்பவரின் கையிலுள்ள கைபேசியைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, திரையில் நேரத்தைக் காட்டும் பொறுப்பை ஏற்பது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழியாகும்.

இம்மொழியை 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் உருவாக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இதன் இன்றைய பெயர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. (கே. எஸ். கிருஷ்ணன் 1898-இல் பிறந்ததும் ஒரு டிசம்பர் 4-ஆம் நாளே. இது தற்செயலன்றி வேறில்லை.) ஜாவா என்னும் மற்றொரு மொழியின் பெயரை இது ஒட்டியிருப்பினும் இரண்டும் வெவ்வேறானவை. பெயரளவில் நேர்ந்த இக்குழப்பம் முப்பது ஆண்டுகள் கழிந்தும் மாணவர்களை விட்டபாடில்லை.

அதற்கு முன்பு இணையப் பக்கம் அச்சடித்த தாளைப் போன்றே இருந்தது. ஒரு சொல் மாறவேண்டுமாயினும் முழுப் பக்கமும் மீண்டும் தொலைவிலிருந்து வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வந்தபின் இந்நிலை மாறியது. உலாவி ஒரு பக்கத்தைப் பெற்றதும் அதனை ஒரு மரம் போன்ற அமைப்பாகத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பக்கம் என்பது அடிமரம், பத்திகள், அட்டவணைகள், பொத்தான்கள் ஆகியவை கிளைகள், எழுத்துகள் இலைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அடையாளப் பெயர் இட முடியும். நிரலானது அப்பெயரைக் கூறிக் கிளையைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள எழுத்தை மாற்றலாம், கிளையை மறைக்கலாம், ஒடித்து எறியலாம், புதிதாக ஒன்றை ஒட்டவும் செய்யலாம். உலாவி மாறிய பகுதியை மட்டும் உடனே திரும்ப வரைந்து காட்டும். எல்லா உலாவிகளும் இம்மரத்தை ஒரே விதமாகக் கையாள்வதற்கான முதல் தர நிர்ணயம் 1998 அக்டோபர் 1-ஆம் நாள் வெளியாயிற்று.

பக்கத்தில் ஒரு கடிகாரம் அமைப்பது இதற்கு எளிய உதாரணம். ‘மணி’ என்று அடையாளப் பெயரிட்ட ஒரு வெற்றிடம் பக்கத்தில் விடப்படுகிறது. ஆயிரம் மில்லிவிநாடிக்கு ஒரு முறை தன்னை எழுப்புமாறு நிரல் உலாவியிடம் கேட்டுக்கொள்கிறது. எழுப்பப்படும்போதெல்லாம் அது நேரத்தை வாசித்து, வெற்றிடத்தில் எழுதுகிறது. நான்கைந்து வரிகளில் முடியும் வேலையாதலால் பள்ளிகளில் முதற்பாடமாகவே இதனைக் கற்பிப்பதுண்டு.

ஆயினும் இந்நான்கைந்து வரிகளுக்குள் மூன்று பிழைகள் பதுங்கியிருக்கின்றன. விண்ணப்பம் மாலை 5 மணியோடு முடிவடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் திரையில் ‘இன்னும் 4 நிமிடம்’ என்று கண்டு நிதானமாகப் படிவத்தை நிரப்புகிறார். பொத்தானை அழுத்தியதும் ‘காலம் கடந்துவிட்டது’ என்ற விடை வருகிறது. இங்கே பக்கம் அவருக்குத் தவறான செய்தியைத் தந்துவிட்டது. ஓராண்டுப் படிப்பு இதனால் தவறிப்போகவும் கூடும்.

முதற்பிழை யாதெனில், நிரல் வாசிக்கும் நேரம் ஆய்வுக்கூடத்தின் நேரமன்று. அந்தக் கைபேசியின் நேரமே. கரோல் பாகின் கஃபார் மார்க்கெட் போன்ற கைபேசிக் கடைவீதிகளில் பழுது நீக்கப்பட்டு வரும் கருவி, மின்கலம் கழற்றப்பட்டதால் பழைய தேதியொன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கலாம். தானாக நேரம் திருத்தும் வசதியைச் சொந்தக்காரர் நிறுத்தி வைத்திருக்கலாம். பக்கத்திற்கு இவை எதுவும் தெரியாது.

இரண்டாவது பிழை நேர வலயத்தைப் பற்றியது. மணி என்ன என்று பொதுவாகக் கேட்டால் நிரல், கருவியில் குறிக்கப்பட்டுள்ள வலயத்தின் மணியைக் கூறும். துபாயிலிருந்து திரும்பியவரின் கருவி அவ்வூர் வலயத்திலேயே இருந்தால், பக்கம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். ஆதலால் ‘ஏஷியா-கொல்கத்தா’ என்னும் வலயப் பெயரை நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிடுதல் அவசியம்.

மூன்றாவது பிழை நுட்பமானது; அனுபவமுள்ளோரும் இதில் இடறுவதுண்டு. இறங்குமுக எண்ணிக்கையைக் காட்டும்போது, எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு விநாடியைக் கழித்துக்கொண்டே வருதல் பலருடைய வழக்கம். ஆனால், ஆயிரம் மில்லிவிநாடிக்கு ஒரு முறை எழுப்புவதாக உலாவி உறுதி தருவதில்லை. அதற்கு முன்பு எழுப்புவதில்லை என்பதே அதன் வாக்கு. பார்வையில் இல்லாத பக்கங்களை மின்சக்திச் சிக்கனம் கருதி அது உறங்கவிடுகிறது. 2021 ஜனவரியில் வெளிவந்த குரோம் 88-ஆம் பதிப்பு முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கும் பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு முறை மட்டுமே எழுப்பும் வழக்கம் வந்துள்ளது. 15 நிமிடம் எஞ்சியிருக்கையில் மாணவர் வேறொரு பக்கத்திற்குச் சென்று சான்றிதழைத் தேடுகிறார் எனக் கொள்க. முதல் 5 நிமிடம் எண்ணிக்கை ஒழுங்காக இறங்கும். அடுத்த 10 நிமிடத்தில் பத்தே விநாடிகள்தாம் கழியும். அவர் திரும்பி வரும்போது காலம் முடிந்துவிட்டிருக்க, திரையோ இன்னும் 9 நிமிடம் 50 விநாடி என்று காட்டி நிற்கும்.

பரிகாரம் இதுவே: எழும்போதெல்லாம் கழித்துக்கொண்டிராமல், இறுதி நேரத்திலிருந்து அப்போதைய நேரத்தைக் கழித்து மிச்சத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அப்போதைய நேரத்தையும் சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். கைபேசியில் 10 மணி 0 நிமிடம் 0.0 விநாடிக்குக் கேள்வி புறப்பட்டு, 0.4 விநாடிக்கு விடை வந்தது. சர்வர் தன் நேரம் 10 மணி 2 நிமிடம் 0.1 விநாடி என்று எழுதி அனுப்பியிருந்தது. போகவும் வரவும் சம அளவு பிடித்ததாகக் கொண்டால், விடை வருவதற்கு 0.2 விநாடி ஆகியிருக்கும். ஆகவே, விடை கைக்கு வந்த கணத்தில் சர்வரின் நேரம் 10 மணி 2 நிமிடம் 0.3 விநாடி. கைபேசி 119.9 விநாடி பின்தங்கியுள்ளது என்பது புலனாகிறது. அந்த வேற்றுமையை ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும். ஆய்வுக்கூடத்திலிருந்து கணிப்பொறிகள் நேரம் பெறும் முறைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான் அடிப்படை.

இனி, காட்டுவதும் மறைப்பதும் பற்றி. மறைத்தல் என்பது ஒரே செயலன்று. ஒரு பகுதியை அது இருந்த இடமே தெரியாதவாறு மடக்கிவிடலாம். இடத்தை வெறுமையாக விட்டு எழுத்தை மட்டும் மறைக்கலாம். நிறமற்ற கண்ணாடி போலாக்கியும் விடலாம். கடைசி முறையில் பகுதி கண்ணுக்குப் படாது; ஆனால் அதன்மேல் விரல் பட்டால் பொத்தான் இயங்கும். முதல் முறையே பெரும்பாலும் பொருத்தமானது. கேள்வியைத் தொட்டால் விடை விரியும் எளிய அமைப்புக்கு ஜாவாஸ்கிரிப்டே வேண்டுவதில்லை. பக்கத்தின் மொழியிலேயே ‘டீடெயில்ஸ்’ என்ற குறியீடு அதற்கென உள்ளது. தேவையற்ற இடத்தில் நிரலைப் புகுத்துவது நல்ல நிரலாளருக்கு அழகன்று.

சமிக்ஞை குன்றிய கிராமங்களில் பணியாற்றும் களப்பணியாளருக்கு இம்முறை பெரிதும் உதவும். பத்துப் பயிர்களுக்கான குறிப்புகளையும் ஒரே தடவையில் இறக்கி மடக்கி வைத்துவிட்டால், வரப்பில் நின்றபடி வேண்டிய ஒன்றை மட்டும் விரித்துப் பார்க்கலாம். அந்நேரத்தில் வலையமைப்பு இருக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால், மறைக்கப்பட்டது கொடுக்கப்படாததாகாது. வினாத்தாளின் விடைகளைப் பக்கத்திலேயே வைத்து மடக்கியிருக்கும் ஆசிரியர், அவற்றை மாணவர் கையில் கொடுத்துவிட்டார் என்றே கருதவேண்டும். கணிப்பொறியில் எஃப்12 விசையை அழுத்தினால் மரத்தின் கிளைகள் யாவும் தெரியும். எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கும் இது தெரிந்த செய்திதான். பயனாளிகளின் பட்டியலில் வங்கிக் கணக்கு எண்களை மறைத்துக் காட்டுவதும் இத்தகையதே. காட்டக்கூடாதது எதுவோ, அது சர்வரைவிட்டுப் புறப்படவே கூடாது.

கணக்கெடுப்புப் படிவங்களில் நேரும் இடர் வேறு வகைப்பட்டது. ‘பாசனம் உண்டா?’ என்பதற்கு ‘உண்டு’ என்றால், ‘கிணறா, கால்வாயா, ஏரியா?’ என்னும் அடுத்த கேள்வி தோன்றும். பணியாளர் ‘கிணறு’ எனக் குறித்தபின், குடியானவர் ‘அந்தக் கிணறு தூர்ந்துபோய் வெகு காலமாயிற்று’ என்கிறார். பணியாளர் மேலே சென்று ‘இல்லை’ என்று திருத்துகிறார். இரண்டாம் கேள்வி மறைகிறது. ஆயினும் ‘கிணறு’ என்ற விடை உள்ளே தங்கி, படிவத்தோடு சேர்ந்தே அனுப்பப்படும். மாவட்டத் தலைநகரில் தொகுப்போருக்குப் பாசனமில்லாத நிலங்களில் கிணறுகள் கிடைக்கின்றன! கேள்வியை மறைக்கும்போதே அதனைச் செயலிழக்கவும் செய்தால் விடை அனுப்பப்படாது. அல்லது விடையை அழித்துவிட வேண்டும். சர்வரிலும் முரண்பாட்டைச் சோதித்தல் இன்றியமையாதது.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் நிரலின் துணையால் பக்கத்தைச் செவிவழி அறிகின்றனர். கண்ணுள்ளவர் ஓரத்தில் எழுத்து மாறியதை உடனே கவனிப்பார். செவிவழி அறிபவருக்கோ பக்கம் தானாகச் சொன்னாலன்றித் தெரியாது. மாற்றத்தை உரக்க அறிவிக்குமாறு ஒரு பகுதிக்குக் குறியிடும் வசதி இருக்கிறது. ஆனால், அதனை நொடிதோறும் மாறும் கடிகாரத்துக்கு இட்டால் அவர் வேறொன்றையும் கேட்கவே முடியாது. பத்து நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என மும்முறை அறிவித்தால் போதுமானது. 2009-இல் முதன்முதலாக வெளியாகி, 2018-இலும் 2023-இலும் திருத்தப்பட்ட இந்திய சர்க்கார் வலைத்தளங்களுக்கான நெறிமுறைகள் இத்தகைய வசதிகளை வற்புறுத்துகின்றன.

தமிழ் எழுத்துகளை மாற்றிக் காட்டுவோர் ஒரு விஷயத்தை அறிந்திருத்தல் நலம். கரோல் பாகை ஒட்டிய பூசா சாலையில் டில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று உள்ளது. அத்தகைய பள்ளியில் சொற்களை எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றச் செய்து வாசிக்கப் பழக்குவதாக வைத்துக்கொண்டால், நிரல் எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று குழந்தையைக் கேட்டால் மூன்று என்னும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்னும். யூனிகோட் முறையில் மகரத்துக்கு ஓர் எண், இகரக் குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் எனத் தனித்தனியே உள்ளமையே காரணம். ஆதலால் திரையில் முதலில் ‘த’, பிறகு ‘தம’, பிறகு ‘தமி’, அதன்பின் ‘தமிழ’ என்று தோன்றி, முடிவில்தான் புள்ளி வந்து சேரும். புதிதாக எழுத்துக் கற்கும் குழந்தைக்கு இது குழப்பத்தையே தரும். எழுத்து எல்லைகளை அறிந்து பிரிக்கும் ‘செக்மென்டர்’ என்னும் கருவி ஜாவாஸ்கிரிப்டிலேயே அமைந்துள்ளது. அதன் வழியே பிரித்தால் த, மி, ழ் என மூன்றாகவே வரும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125-ஆம் பதிப்பும் அதனை ஏற்றுக்கொண்டமையால், புதுப்பிக்கப்பட்ட முக்கிய உலாவிகள் அனைத்திலும் இப்போது அது கிடைக்கிறது.