கடற்கரையின் கணக்கைக் காதால் கேட்போம்

கடந்த வருடம் பாடசாலைக் கண்காட்சிக்கு, பூமியின் வெப்பநிலை உயர்வைக் காட்டும் வரைபு ஒன்றை நாங்கள் வரைந்து வைத்திருந்தோம். மீன்பிடித் தொழில் செய்யும் என் வாப்பா அதன் முன் சிறிது நேரம் நின்றார். "கோடு மேல போகுது, அது விளங்குது மகள். ஆனா மனசுல ஒண்டும் பதியல்லயே" என்றார். அதே வாப்பா இரவில் வீட்டுக்குள் படுத்திருந்தபடியே, வீசுவது சோளகமா வாடையா என்று இரைச்சலை வைத்துச் சொல்லிவிடுவார். அப்படியானால் வரைபில் உள்ளதைக் காதுக்குக் கொண்டுவர முடியாதா?

முடியும். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக மாணவர் டானியல் குரோபோர்ட், தன் புவியியல் பேராசிரியரின் தூண்டுதலால் 2013இல் அதைச் செய்து காட்டினார். 1880 முதல் 2012 வரை ஒவ்வோர் ஆண்டின் உலக வெப்பநிலைக்கும் ஒரு சுரம் வீதம், செலோ என்னும் நரம்பிசைக் கருவியில் வாசித்தார். மிகக் குளிரான 1909ஆம் ஆண்டுக்கு அக்கருவியின் மிகத் தாழ்ந்த சுரம். வெப்பநிலை ஏறத்தாழ 0.03 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் அரைச்சுரம் ஏறும். ஆரம்பத்தில் கனத்து ஒலிக்கும் இசை, கடைசி ஆண்டுகளில் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது.

போல் மில்லர் என்ற இசைக்கலைஞர் அந்தாட்டிக்காவுக்கே சென்று பனிப்பாறைகளின் ஓசையைப் பதிவுசெய்தார். அவரது 'டெரா நோவா' மேடை நிகழ்ச்சியில் நரம்பிசையும் பனிக்கண்டத்தின் திரைக்காட்சிகளும் ஒன்றாக வருகின்றன. தமிழிலும் இதற்கு நெருங்கிய முயற்சி உண்டு. சென்னை எண்ணூர்க் கழிமுகம் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் அழிவதை, டி.எம். கிருஷ்ணா 2017இல் 'சென்னை புறம்போக்குப் பாடல்' மூலம் கர்நாடக இசையில் பாடினார். அந்த இடத்திலேயே நின்று பாடிய காட்சி, பாடலுக்குச் சாட்சியாயிற்று.

இவற்றில் ஒரு விதி முக்கியம். அளவுத்திட்டத்தைச் சபைக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். அரைச்சுரத்துக்கு எத்தனை பாகை என்று தெரியாவிட்டால், சிறிய மாற்றத்தையும் பெரிய அலறலாக்கிக் கேட்பவரை ஏமாற்றிவிடலாம். அப்போது அங்கே இசை இருக்கும், விஞ்ஞானம் இருக்காது.

எங்கள் மன்னாரில் இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. றபான் போதும். இசைக்கருவியை விரும்பாத பெற்றோர் இருந்தால் கைதட்டலும் போதும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைவீழ்ச்சித் தரவை எடுத்து, 10 மில்லிமீற்றருக்கு ஒரு தட்டு என்று வைப்போம். யூலை மாதத்தில் மண்டபம் ஏறக்குறைய மௌனமாகிவிடும். நவம்பரில் தட்டுகள் மழையாகவே பொழியும். 2010இல் ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்கு வலசைப் பறவைகள் வரும் பருவமும் அதுவே. அந்த நேரம் திரையில் பூநாரைகளின் படம் தோன்றட்டும். மழைக்கும் ஈரநிலத்துக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பை ஒரு மாணவி விளக்கட்டும். பின்னர் வெவ்வேறு ஆண்டுகளின் நவம்பரை அடுத்தடுத்துத் தட்டினால், மழை மாறுகிறதா இல்லையா என்பதைச் சபையே கேட்டறியும்.

மழை பிந்தினால் குளமும் வயலும் மட்டுமல்ல, நம் வீட்டுக் கிணறும் பாதிக்கப்படும். கடல் குழம்பினால் அடுப்பு எரியாத வீடுகள் நம் ஊரில் உண்டு. ஆகவே இந்தக் கணக்கு பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல.

அடுத்த கண்காட்சியில் இதைச் செய்ய எங்கள் வகுப்பில் பேசியிருக்கிறோம். வாப்பாவை முன்வரிசையில் இருத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லப்போகிறேன்.