பழைய நில அளவைப் படங்களில் சென்னை: கரை, வெளி, ஏரி

2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், மறைந்த நீர்நிலைகளுக்குச் சான்றாகச் சென்னையின் பழைய நில அளவைப் படங்கள் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்தி, வேறுபடும் இடங்களை எல்லாம் இழப்பாகக் கணக்கிடுவது எளிது. ஆயின் அப்படங்களிலுள்ள கோடுகள் அனைத்தும் ஒரே தன்மையுடைய சான்றுகள் அல்ல.

பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களில் புனித ஜார்ஜ் கோட்டையின் கீழைச் சுவரை அடுத்தே கடல் காணப்படுகிறது. இன்று இடையே அகன்ற நிலம் உள்ளது. இது வரைந்தோர் பிழை அன்று. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகப் பணியால் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை அரிப்புக்குள்ளாயிற்று. எனவே துறைமுகத்திற்கு முந்தைய, பிந்தைய படங்களைக் கலந்து ஒரே ‘பழைய கரை’யை வரைதல் பொருந்தாது.

கோட்டையின் வடபுறத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் படங்கள் காட்டும் வெற்றுவெளி இயற்கையானது போலத் தோன்றும். உண்மையில் அது பழைய கறுப்பர் பட்டணம் இருந்த இடம். சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றிய பின், அவர்களும் அடுத்து ஆங்கிலேயரும் பீரங்கிப் பார்வைக்குத் தடையாகுமென வீடுகளை இடித்தனர். 1773இல் எல்லைத்தூண்கள் நாட்டப்பட்டு, அவ்வெளியில் கட்டடம் எழுப்புவது தடுக்கப்பட்டது. 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் நிற்பது இந்நிலத்தில்தான். இடிக்கப்பட்ட ஊரை, படத்தின் வெண்மை தானாகச் சொல்லாது.

ஏரிகளே கூடுதல் கவனம் வேண்டுவன. நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் ஏரிகள் சேர்ந்த நெடிய ஏரி, மவுண்ட் ரோட்டின் மேற்கே பிறை வடிவில் கிடந்தது. 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்தே தியாகராய நகர் அமைக்கப்பட்டது. வள்ளுவர் கோட்டமும் அதே ஏரிப்பரப்பில் எழுந்ததே. இங்கு ஏரி இருந்தது என்பதில் ஐயமில்லை. அதன் பரப்பு எவ்வளவு என்பதே வினா. மழைநீரை நம்பிய ஏரி ஐப்பசியில் நிறையும், கோடையில் சுருங்கும். படம் காட்டுவது நிறைமட்டமா, அளந்த நாளின் நீர்விளிம்பா என்பதை அதன் குறிவிளக்கமும் அளவை நடந்த மாதமும் கொண்டே அறிய இயலும். இதைப் பாராமல் பரப்பிழப்பைச் சதவீதத்தில் கூறும் ஆய்வுகள் நீதிமன்றத்தில் எளிதில் மறுக்கப்படும். மெய்யான ஆக்கிரமிப்பும் அதனால் தப்பிவிடக்கூடும்.

ஏரிக்கரையோ பருவத்தோடு மாறுவதில்லை. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடு ஆகிய பெயர்கள் கரையின் போக்கைத் தேடுவதற்குத் துணையாகின்றன. கரையை முதலில் நிறுவி, நீர்ப்பரப்பை வருவாய்த்துறை நிலப்பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பின்னர் வரைதலே தக்க வரிசை.