டெபுடியும் திராட்சைக் கொடியும்

தாலுகா அலுவலகத்தில் டெபுடி தாசில்தார் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியரைத் தேடினால், 'டெபுடேஷனில் போயிருக்கிறார்' என்கிறார்கள். ஏட்டில் 'துணை' என்றும் 'மாற்றுப்பணி' என்றும் எழுதினாலும் பேச்சில் டெபுடிதான். ஒருவரது அதிகாரத்தில் ஒரு பங்கை இன்னொருவர் கையில் கொடுப்பதைச் சொல்லும் இந்தச் சொல்லின் வேர், பழைய ரோமானியத் தோட்டங்களில் இருக்கிறது.

லத்தீனில் 'புதாரே' என்றொரு வினைச்சொல் உண்டு. கவாத்து செய்வது அதன் பழைய பொருள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நிற்கும் திராட்சைக் கொடியைப் பாருங்கள். கத்தியோடு வருபவர் கணுக்களை எண்ணி, காய்க்கக்கூடிய இரண்டொரு மொட்டை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டுவார். அவருக்குப் பெயர் 'புதாதோர்'. மரத்தைச் சுத்தமாக்குவதால் வந்த பெயர் என்று கி.மு. முதல் நூற்றாண்டில் வார்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதிவைத்தார். கொடியைச் சுத்தம் செய்த அதே சொல், கணக்கை நேர்செய்யவும் பயன்பட்டது. அப்படியே 'எண்ணு', 'கருது' என்றும் பொருள் விரிந்தது.

அதற்குப் பிள்ளைகள் பல. 'சேர்த்து எண்ணு' என்பதிலிருந்து கம்ப்யூட்டர் வந்தது. 1613இல் அச்சான ஆங்கில நூலில் அது கணக்கிடும் மனிதரைக் குறித்தது. 'சுற்றி வெட்டு' என்பதிலிருந்து, கை கால்களை அறுத்தெடுக்கும் ஆம்புடேஷன். 'தெபுதாரே' என்பது பிற்கால லத்தீனில் 'இன்ன வேலைக்கென்று ஒதுக்கு' என்றானது. பிரெஞ்சு வழியாக, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் டெபுடி ஆனது.

இந்தப் பாதை நமக்கும் பழக்கமானதே. தமிழில் காசையும் எண்ணுகிறோம், மனத்துக்குள்ளும் எண்ணுகிறோம். வேப்பங்கிளையையும் கழிக்கிறோம், கணக்கிலும் கழிக்கிறோம். உறவில்லாத இரண்டு மொழிகள், வெட்டும் கையிலும் எண்ணும் விரலிலும் கணக்குக்கும் சிந்தனைக்கும் சொல் கண்டிருக்கின்றன. எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு இல்லை.

அடுத்த முறை அரசுக் கடிதம் வந்தால் அடியில் பாருங்கள். சில கடிதங்களில் 'ஆட்சியருக்காக' என்ற சொல்லுக்கு மேலே வேறொருவர் கையெழுத்து இருக்கும். எண்ணிப் பார்த்து விடப்பட்ட ஒரு மொட்டு அது. அதிகாரத்தின் வேர் இன்னும் ஆட்சியரிடத்தில்தான் இருக்கிறது. காய்க்க வேண்டிய பொறுப்போ அந்தக் கையெழுத்துக்காரருடையது.