விண்வெளி வைரம்: நகைக்கா, நாட்டின் கருவிக்கா?

கடக்வாஸ்லா (புணே): புணேயிலிருந்து சிங்ககட் கோட்டைக்குச் செல்லும் சாலையில், முட்டா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கடக்வாஸ்லா அணையின் கரையில் விடுமுறை நாள்களில் நிற்க இடம் கிடைக்காது. சுட்ட மக்காச்சோளம் தின்றபடி ஏரியை வேடிக்கை பார்ப்பவர்களில் பலருக்கு எதிரே தெரியும் தேசிய பாதுகாப்பு அகாதெமியைத் தெரியும். சற்றுத் தள்ளி, கிரிநகரில் உள்ள இன்னொரு நிறுவனத்தை அறிந்தவர்கள் குறைவு. 1952-ம் ஆண்டு ஆயுதவியல் கல்விக் கழகமாகத் தொடங்கி, 1967-ம் ஆண்டு இங்கு இடம்பெயர்ந்து, 2006-ம் ஆண்டு முதல் பாதுகாப்பு உயர் தொழில்நுட்பக் கழகம் என்று அழைக்கப்படுவது அது. வெடிப்பு, அதிர்ச்சி அலை, அழுத்தம் ஆகியவற்றின் இயற்பியலை நமது பாதுகாப்பு விஞ்ஞானிகளும் ராணுவ அதிகாரிகளும் கற்கும் இடம்.

இந்தக் கழகம் கிரிநகருக்கு வந்தபோது பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் எஸ். பகவந்தம். அவரது தொடக்ககால ஆய்வுகளில் முக்கியமானது வெடிமருந்தைப் பற்றியது அல்ல, வைரத்தைப் பற்றியது. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனின் மாணவராக, 1930-ம் ஆண்டிலேயே வைரத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை ஆராய்ந்தவர் அவர். அதே ஆண்டில் சி. ராமஸ்வாமியும் இதே ஆய்வை வெளியிட்டார். சென்டிமீட்டருக்கு 1332 என்ற அலை எண்ணில் ஒரே ஒரு கூர்மையான கோடு தோன்றும் என்பது அவர்கள் கண்டது. வைரத்துக்கு அந்த எண்தான் இன்றும் அடையாள அட்டை. விண்கல்லில் உள்ள கரும்புள்ளி வைரமா, வெறும் கரியா என்ற கேள்வி எழுந்தால், உலகின் எந்த ஆய்வகமும் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

அசாமில் விழுந்த சான்று: விண்வெளியில் வைரம் உண்டு என்பதற்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. சான்று நம் வாசலிலேயே வந்து விழுந்தது. ரஷியாவின் நோவோ யூரெய் பகுதியில் 1886-ம் ஆண்டு விழுந்த விண்கல்லில் வைரத் துகள்கள் இருப்பது 1888-ல் அறிவிக்கப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த விண்கல் ஒன்று அசாமின் கோல்பாராவில் 1868-ம் ஆண்டே கண்டெடுக்கப்பட்டிருந்தது. 1967-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கோல்பாரா கல்லையும் அரிசோனாவில் கிடைத்த விண்கல்லையும் ஆராய்ந்தபோது, அவற்றில் வழக்கமான வைரத்துடன் அறுகோணப் படிக அமைப்பு கொண்ட வேறொரு வைரமும் இருந்தது. அதற்கு லான்ஸ்டேலைட் என்று பெயரிட்டார்கள். பிரிட்டிஷ் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலைச் சிறப்பிக்கும் வகையில் வந்த பெயர். வைரத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களுக்கு ராமன் அளித்த விளக்கத்தை 1940-களில் ஏற்க மறுத்தவர்களில் அவரும் ஒருவர். ராமனுடன் வாதிட்டவரின் பெயர் அசாமில் கிடைத்த வைரத்துக்கு அமைந்தது ஒரு வேடிக்கைதான்.

விண்கற்களில் உள்ள வைரம் ஒரே வழியில் பிறந்ததல்ல. விண்பாறைகள் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சியில் கரி நொடிப்பொழுதில் வைரமாகலாம். பெருங்கோளின் உள்ளே நீண்டகால அழுத்தத்திலும் உருவாகலாம். 2008-ம் ஆண்டு அக்டோபரில் சூடானில் விழுந்த விண்கல்லின் வைரங்களை ஆராய்ந்தவர்கள், அவை நமது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2 லட்சம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பிறந்தவை என்று 2018-ல் தெரிவித்தனர். அப்படியானால் அவை, சூரியக் குடும்பத்தின் தொடக்கத்தில் இருந்து பின்னர் சிதறிப்போன, புதனுக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட அளவுள்ள ஒரு கோளின் எச்சமாகும்.

மூன்றாவது வகைதான் வியப்பூட்டுவது. மெக்சிகோவில் 1969-ம் ஆண்டு விழுந்த அயெண்டே விண்கல்லிலிருந்து, சில நானோமீட்டரே அளவுள்ள வைரங்களைச் சிகாகோ விஞ்ஞானிகள் 1987-ல் பிரித்தெடுத்தனர். அவற்றுள் சிறைப்பட்டிருந்த செனான் வாயு, சூரியன் தோன்றுவதற்கு முன் வெடித்த விண்மீனின் முத்திரையைத் தாங்கியிருந்தது.

'வைரக் கோள்' என்று பத்திரிகைகள், நாங்கள் உள்பட, கொட்டை எழுத்தில் போட்ட செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் இந்திய வம்சாவளி வானியலாளர் நிக்கு மதுசூதனும் சக ஆய்வாளர்களும் '55 கேன்க்ரி இ' என்ற கோளின் உட்பகுதியில் வைரம் இருக்கலாம் என்றனர். அந்தக் கோள் சுற்றிவரும் விண்மீனில் கருதிய அளவு கரி இல்லை என்று அடுத்த ஆண்டே மற்றோர் ஆய்வு கூறியது. அந்தக் கோளுக்கு யாரும் சுரங்கம் தோண்டப் போவதில்லை. தோண்டவும் தேவையில்லை.

பூமியில் அதே வித்தை: ஏனெனில் வானம் வைரம் செய்யும் முறைகளை மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். கலவையை மூடிய கலத்தில் வெடிக்க வைத்தால், எஞ்சும் கரிப்புகையில் அயெண்டே கல்லில் இருந்ததைப் போன்ற நானோ வைரங்கள் கிடைக்கும். சோவியத் ஆயுத விஞ்ஞானிகள் இதை 1963-ல் கண்டனர். நெடுங்காலம் ரகசியமாகவே வைத்திருந்தனர். மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைப் பிளாஸ்மாவாக்கி, சிறிய விதைப் படிகத்தின் மீது கரியை அடுக்கடுக்காகப் படியவைப்பது இன்னொரு முறை. இன்று சூரத்தில் ஆய்வக வைரம் வளர்வது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

இவ்வாறு செய்யப்படும் வைரம் எதற்குப் பயன்படும்? செம்பைப் போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆனால் தூய வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. கதிரியக்கத்தைத் தாங்கும். 1978-ல் வெள்ளிக் கோளுக்குச் சென்ற அமெரிக்க ஆய்வுக்கலத்தின் அகச்சிவப்புக் கருவிக்கு, 13.5 காரட் எடையுள்ள வைரத்தைச் சன்னலாகப் பொருத்தினார்கள். அங்குள்ள வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு அகச்சிவப்புக் கதிரையும் உள்ளே விட வேறு பொருள் அமையவில்லை. 2009-ம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் புரோபா-2 செயற்கைக்கோளில், சூரியனின் புறஊதாக் கதிர்களை அளந்தவை வைர உணரிகள். சாதாரண ஒளி அவற்றைப் பாதிப்பதில்லை என்பது பெரும் வசதி. புரோபா-1 (2001), புரோபா-3 (2024) இரண்டையும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த கட்டம் குவாண்டம். வைரப் படிகத்தில் ஒரு கரி அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், பச்சை ஒளி பட்டதும் அந்தப் புள்ளி சிவப்பாக ஒளிரும். நுண்ணலையையும் சேர்த்துச் செலுத்தும்போது, அந்த ஒளிர்வின் ஏற்ற இறக்கத்திலிருந்து மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்க முடியும். அதுவும் அறை வெப்பநிலையில். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய இத்தகைய கருவி, 2021-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே சென்றது. செயற்கைக்கோள் சமிக்ஞை முடக்கப்பட்டாலும் பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு வழியறியவும், ஆழத்தில் மறையும் நீர்மூழ்கியைத் தேடவும் இது உதவக்கூடும் என்பதால், உலகெங்கும் பாதுகாப்புத் துறைகள் இதைக் கூர்ந்து கவனிக்கின்றன.

மூன்று குழுக்கள், ஒரு படிகம்: இனி தில்லிக்கு வருவோம். 2023-ம் ஆண்டு பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், ஆய்வக வைர ஆராய்ச்சிக்காக ஐ.ஐ.டி. ஒன்றுக்கு ஐந்தாண்டு மானியம் அறிவித்தார். அந்த வாய்ப்பு சென்னை ஐ.ஐ.டி.க்குக் கிடைத்தது, திட்ட மதிப்பு ரூ. 242.96 கோடி. விதைப் படிகங்களுக்கான சுங்க வரியும் நீக்கப்பட்டது. வேலைவாய்ப்பு, இறக்குமதியைக் குறைத்தல் ஆகியவையே அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ரூ. 6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் உணரிகளுக்கான பொறுப்பு மும்பை ஐ.ஐ.டி.யிடம் உள்ளது.

முதலாவது வர்த்தகத் துறையின் திட்டம். இரண்டாவது அறிவியல், தொழில்நுட்பத் துறையுடையது. கடக்வாஸ்லாவில் உள்ள கழகமோ பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆகவே நாடாளுமன்றத்தில் வர்த்தகம், அறிவியல், பாதுகாப்பு என மூன்று நிலைக்குழுக்கள் இந்த ஒரே படிகத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பார்க்கின்றன. முழுதாகப் பார்க்கும் குழு எதுவும் இல்லை.

இது நடைமுறைச் சிக்கல் மட்டுமல்ல. நகைக்கு வேண்டிய வைரமும் கருவிக்கு வேண்டிய வைரமும் ஒன்றல்ல. கண்ணுக்குக் குறையின்றித் தெரிந்தால் நகைக்குப் போதும். குவாண்டம் உணரிக்கு நைட்ரஜன் எத்தனை, எங்கே என்பது கணக்காக அமைய வேண்டும். மின்னணுச் சில்லுக்கு அகலமான ஒற்றைப் படிகத் தகடு வேண்டும். உலகின் வைரங்களில் பத்தில் ஒன்பதை, எண்ணிக்கையில், பட்டை தீட்டும் நாடு நம்முடையது. ஆனால் உற்பத்தி பெருகி, ஆய்வக வைர நகைக் கற்களின் விலை சில ஆண்டுகளில் கடுமையாகச் சரிந்துவிட்டது. சூரத் தொழிலாளர்களுக்கு இதன் வலி தெரியும். நகைச் சந்தையை மட்டுமே நம்பி இயந்திரங்களைப் பெருக்குவது எவ்வளவு தூரம் போகும்?

சென்னையில் செலவாகும் ரூ. 242.96 கோடியில் கருவித் தர வைரத்துக்கு எவ்வளவு, நகைத் தரத்துக்கு எவ்வளவு? அங்கே வளரும் படிகம் மும்பையின் உணரி ஆய்வகத்துக்கும் பாதுகாப்பு ஆய்வகங்களுக்கும் போய்ச் சேர வழி செய்யப்பட்டுள்ளதா? மானியக் கோரிக்கைகள் மீதான ஆய்வின்போது, தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வர்த்தகத் துறையிடம் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. 2023-ல் அறிவிக்கப்பட்டது ஐந்தாண்டு மானியம். அது தீர்வதற்குள் கேட்டால்தான் பதிலுக்குப் பயன் இருக்கும்.