கைத்துப்பாக்கி: சேகரிப்போரின் விருப்பமும் சட்டத்தின் அளவுகோலும்

தபால் முத்திரைகளையும் பழைய நாணயங்களையும் சேகரிப்போரை நாம் அறிவோம். அமெரிக்காவில் அதேபோன்று கைத்துப்பாக்கிகளைச் சேகரித்து வைப்போர் பெருந்தொகையினர். எவ்வகைத் துப்பாக்கியை வாங்குவது என்ற வினாவுக்கு அடுத்ததாக அவர்களிடையே எழுவது, எந்த அளவிலான துப்பாக்கியை வாங்குவது என்பதாகும். பெரியது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, சட்டைப் பையில் அடங்கக்கூடியது ஒன்று என மூன்று அளவுகளிலும் வைத்திருப்பதே முழுமையான சேகரிப்பு என்று கருதுவோரும் உண்டு.

ஆயுதத்தின் பெயரைக் கேட்டாலே அச்சம் கொள்ளும் எமது மக்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும், இந்த அளவு பற்றிய வினா வெறும் பொழுதுபோக்கு சார்ந்ததன்று. ஒரு துப்பாக்கி எவ்வளவு நீளமானது என்பதை வைத்தே உலகின் பல நாடுகள் தமது சட்டங்களை வகுத்துள்ளன. சேகரிப்பாளர் விரும்பும் அதே சிறிய வடிவத்தையே சட்டம் அதிகமாக அஞ்சுகிறது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வது, எமது நாட்டில் ஆயுதங்கள் பற்றி நடைபெறும் விவாதங்களுக்கும் பயனுள்ளதாக அமையும்.

மூன்று அளவுகள்

முதலாவது வகை, இராணுவத்தினரும் பொலிஸாரும் இடுப்பில் வெளிப்படையாக அணியும் பெரிய கைத்துப்பாக்கி. ஜோன் பிறவுணிங் என்பவர் வடிவமைத்து, 1911 ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ற் துப்பாக்கி இதற்குச் சிறந்த உதாரணம். அதன் குழல் ஐந்து அங்குல நீளமானது. எடை ஒரு கிலோகிராமுக்கும் அதிகம். 1985 இல் பெரெட்டா துப்பாக்கி அதன் இடத்தைப் பெறும்வரை, இரண்டு உலக யுத்தங்களையும் கடந்து அது சேவையில் இருந்தது. ஒஸ்திரியாவின் இராணுவத்துக்காக 1980 களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட கிளொக் 17 ரகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் குழல் 114 மில்லிமீற்றர். சட்டகம் பிளாஸ்டிக்கினால் ஆனது என்பதால் எடை வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது வகை நடுத்தரமானது. 1988 இல் வெளிவந்த கிளொக் 19 ரகத்தின் குழல் 102 மில்லிமீற்றர். மூன்றாவது வகை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்டது. 1950 இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் வெளியிட்ட ஐந்து ரவைகள் கொண்ட சிறிய ரிவோல்வரும், 1990 களின் நடுப்பகுதியில் வந்த 87 மில்லிமீற்றர் குழல் கொண்ட கிளொக் 26 ரகமும் இவ்வகையின.

சிறிய துப்பாக்கியைக் கையாள்வது இலகு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மை அதற்கு மாறானது. குழல் குறுகும்போது வெடிமருந்தின் வாயு ரவையை உந்தித் தள்ளும் தூரம் குறைகிறது. அதனால் ரவையின் வேகமும் குறைகிறது. ஆயுதத்தின் எடை குறையும்போது சுடுபவரின் கையில் ஏற்படும் பின்னுதைப்பு அதிகமாக உணரப்படுகிறது. முன்னும் பின்னுமாக உள்ள குறிபார்க்கும் புள்ளிகளுக்கிடையிலான தூரம் குறைவதால், கையில் ஏற்படும் சிறு அசைவும் இலக்கைப் பெரிதும் தவறச் செய்கிறது. ஆகவே சிறிய துப்பாக்கியின் ஒரே அனுகூலம், அது பிறர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே.

பழைய துப்பாக்கிகளைத் தேடும் சேகரிப்பாளர் வேறு அளவுகோல்களையும் கொண்டுள்ளார். 1908 இல் ஜேர்மனிய இராணுவம் ஏற்றுக்கொண்ட லூகர் துப்பாக்கியின் பாகங்கள் பலவற்றில் இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அதன் பெறுமதி உயரும். மங்கிய உலோகத்துக்குப் புதிதாக மெருகூட்டினால் பெறுமதி குறையும். அமெரிக்க மத்திய அரசின் சட்டம், 1898 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைப் பொதுவாகத் தொல்பொருளாகவே கொள்கிறது. ஐம்பது வருடங்களுக்கு மேற்பட்டவற்றைச் சேகரிப்போருக்கெனத் தனியான அனுமதிப்பத்திரம் ஒன்றும் அங்கு உண்டு.

ஆறு அங்குலத்தின் வரலாறு

கண்ணாடிப் பேழைக்குள் அழகாகத் தோன்றும் இச்சிறிய ஆயுதங்களுக்கு இரத்தக்கறை படிந்த வரலாறும் உண்டு. 1865 இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கி, ஒரேயொரு ரவையை மட்டும் கொண்ட டெரிஞ்சர். 1914 இல் சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசரின் உயிரைப் பறித்து முதலாம் உலக யுத்தத்துக்கு வழிவகுத்தது, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட ஒரு பிறவுணிங். 1948 இல் புதுடில்லியில் மகாத்மா காந்தியின் மார்பைத் துளைத்தது, இத்தாலியில் செய்யப்பட்ட ஒரு பெரெட்டா. இம்மூன்றினதும் மொத்த நீளம் ஏறத்தாழ ஆறு அங்குலம் மட்டுமே. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேறு தேவையில்லை.

எமது நாட்டின் வரலாறும் இதற்கு விதிவிலக்கன்று. 1959 செப்டெம்பரில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தமது இல்லத்திலேயே, ஆடைக்குள் மறைத்து எடுத்துவரப்பட்ட ரிவோல்வரினால் சுடப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார்.

அளவை அளந்த சட்டங்கள்

அமெரிக்காவில் 1934 இல் கொண்டுவரப்பட்ட தேசிய சுடுகலன் சட்டத்தின் முதல் வரைவில், இயந்திரத் துப்பாக்கிகளுடன் கைத்துப்பாக்கிகளும் அடங்கியிருந்தன. மறைத்துவைக்கக்கூடிய ஆயுதங்கள் அனைத்தையும் பதிவுக்கு உட்படுத்துவதே நோக்கமாக இருந்தது. எவரேனும் நீண்ட துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறுக்கி அதனைத் தவிர்க்கலாம் என்பதால், குறுகிய குழல் கொண்ட ரைபிள்களும் சேர்க்கப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததும் கைத்துப்பாக்கிகள் நீக்கப்பட்டன. குறுக்கப்பட்ட ரைபிள்கள் மட்டும் எஞ்சின. இதன் விளைவாக, சட்டைப் பையில் அடங்கும் துப்பாக்கிக்கு இல்லாத பதிவு, அதைவிடப் பலமடங்கு நீளமான ரைபிளுக்கு அவசியமாயிற்று. மூலகாரணம் மறைந்தபின்னும் கிளை விதி நிலைத்துவிட்டது.

1968 இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட ஆண்டில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ், இறக்குமதியாகும் பிஸ்டல் ஒன்று குறைந்தது ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல உயரமும் கொண்டிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்களால் புகழ்பெற்ற வோல்தர் பீபீகே ரகம், உயரத்தில் சில மில்லிமீற்றர் குறைந்ததால் தடைப்பட்டது. தயாரிப்பாளர்கள் அதன் மேற்பகுதியைச் சற்று உயரமான வேறொரு சட்டகத்துடன் பொருத்தி, புதிய பெயரில் அனுப்பிவைத்தனர். மறுபுறத்தில், இவ்விதி இறக்குமதிக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், அதேயளவு சிறிய, மலிவான துப்பாக்கிகள் அமெரிக்காவுக்குள்ளேயே பெருமளவில் உற்பத்தியாகின.

1994 இல் பத்துக்கு மேற்பட்ட ரவைகள் கொள்ளும் புதிய ரவைக்கூடுகள் தடைசெய்யப்பட்டன. பத்து ரவைகள்தான் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்று சிந்தித்த நிறுவனங்கள், சிறிய துப்பாக்கிகளில் அதிக கவனம் செலுத்தின. அத்தடை 2004 இல் காலாவதியாகியது. ஆனால் சிறிய துப்பாக்கிகளின் சந்தை சுருங்கவில்லை. 1987 இல் புளோரிடா மாநிலம் மறைத்து ஏந்துவதற்கான அனுமதியை இலகுவாக்கியதைத் தொடர்ந்து, ஏனைய பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அனுமதிப்பத்திரமே இன்றி மறைத்து ஏந்தக்கூடிய மாநிலங்கள் 29 ஆக இருந்தன.

2008 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஹெல்லர் தீர்ப்பு, வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தனிமனித உரிமையாக ஏற்றது. அத்தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஆயுதத்தின் அளவு சார்ந்தவையும் இருந்தன. ஒரு கையால் அதனைப் பிடித்தவாறே மறு கையால் பொலிஸாருக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம். உடல் வலிமை குறைந்தோரும் அதனைப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2022 இல் வந்த மற்றொரு தீர்ப்பு அவ்வுரிமையைப் பொதுவெளிக்கும் விரிவாக்கியது.

ஏனைய நாடுகள் கண்ட வழி

1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டனர். கொலையாளி தமது கைத்துப்பாக்கிகளை அனுமதிப்பத்திரத்துடனேயே வைத்திருந்தார். அடுத்த ஆண்டில் பிரித்தானியா, வட அயர்லாந்து நீங்கலாக, தனியார் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்தது. அச்சட்டத்தின் வரைவிலக்கணம் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. குழல் 30 சென்றிமீற்றருக்குக் குறைந்தது அல்லது மொத்த நீளம் 60 சென்றிமீற்றருக்குக் குறைந்தது எனில் அது தடைக்கு உட்படும். வரலாற்று மதிப்புள்ள சில ஆயுதங்களுக்கு மட்டும், கடுமையான நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது.

2002 ஒக்டோபரில் மெல்பேர்ண் நகரின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் மாணவர் இருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அவுஸ்திரேலியா விளையாட்டுச் சுடுநருக்குரிய கைத்துப்பாக்கிகளுக்கு எல்லை வகுத்தது. தானியங்கி ரவையேற்றும் பிஸ்டலின் குழல் 120 மில்லிமீற்றருக்கும், ரிவோல்வரின் குழல் 100 மில்லிமீற்றருக்கும் குறையலாகாது என்பது அவ்விதி. குறைந்தவற்றை 2003 இல் அரசே பணம் கொடுத்து மீளப்பெற்றது. கனடாவில் 105 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த குழல் கொண்டவை 1990 களிலேயே தடைப்பட்டியலில் சேர்ந்தன. 2022 ஒக்டோபரில் அந்நாடு கைத்துப்பாக்கிகளின் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது.

பெரிய துப்பாக்கியைக் கொண்டுவருபவரைத் தூரத்திலேயே கண்டு ஒதுங்கலாம், அயலவர் கூக்குரலிடலாம், காவலர் தடுக்கலாம். மறைத்துவைக்கப்பட்ட துப்பாக்கி இந்த அவகாசம் முழுவதையும் பறித்துவிடுகிறது. சட்டங்கள் மில்லிமீற்றர் கணக்கில் அளப்பது உண்மையில் இந்த அவகாசத்தையே.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

ஆயினும், அளவை மட்டும் கட்டுப்படுத்துவதால் தீராத ஆபத்தும் ஒன்று உண்டு. 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் 26 மில்லியனுக்கு மேற்பட்ட வயதுவந்தோரைப் பன்னிரண்டு வருடங்கள் பின்தொடர்ந்து, 2020 இல் வெளியான ஆய்வு அதிர்ச்சியூட்டுவது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், அது இல்லாத ஆண்களைவிட எட்டு மடங்கு அதிகமாகத் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டனர். பெண்களில் அவ்விகிதம் 35 மடங்குக்கும் மேற்பட்டது.

2023 இல் நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பொன்றில், அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்களில் 72 சதவீதமானோர் தற்பாதுகாப்பே முக்கிய காரணம் என்றனர். பாதுகாப்புக்கென வாங்கிய பொருள், மனம் தளர்ந்த ஒரு நாளில் வீட்டவரின் கைக்கே எட்டும் தூரத்தில் இருப்பதுதான் இதன் அவலம். தற்கொலை எண்ணம் பெரும்பாலும் கணப்பொழுதில் தோன்றித் தணிவது. ஏனைய வழிகளை நாடுவோரில் பலர் காப்பாற்றப்படுகின்றனர். துப்பாக்கி அத்தகைய மறுவாய்ப்பைத் தருவது அரிது. பொறுப்புள்ள சேகரிப்பாளர்கள் ரவைகளை வேறாகவும், துப்பாக்கிகளைப் பூட்டிய இரும்புப் பெட்டியிலும் வைப்பதோடு, நெருக்கடியான காலத்தில் அவற்றை வீட்டிலிருந்தே அகற்றிவிடுவதும் இதனாலேயே.

எமக்குரிய பாடம்

இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி, துப்பாக்கி வைத்திருத்தல் உரிமையன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய அனுமதியாகும். ஆயினும் அனுமதியற்ற ஆயுதங்கள் இன்றும் உலவுகின்றன. 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி போல் உடையணிந்து வந்த ஒருவர், சந்தேகநபர் ஒருவரைச் சுட்டுக்கொன்றார். பக்கங்கள் குடையப்பட்ட சட்டநூல் ஒன்றினுள் வைத்தே ஆயுதம் உள்ளே கொண்டுவரப்பட்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர். சட்டநூலுக்குள்ளேயே அடங்கும் ஆயுதத்தை, சட்டநூலில் எழுதப்பட்ட விதி மட்டும் தடுத்துவிடாது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

யுத்தகாலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. படலையடியில் வந்து பெயர் கூறி அழைத்தவரின் இடுப்பில் என்ன இருந்தது என்பது, பல குடும்பங்களுக்குக் காலம் கடந்த பின்னரே தெரியவந்தது. ஆயுதம் எத்தரப்பினரது கையில் இருந்தது என்பதைவிட, அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது என்பதே ஊரையும் உறவையும் ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வைத்தது.

அமெரிக்கச் சேகரிப்பாளரின் ஆர்வத்தைக் குற்றம் என்று கூறுவது பொருந்தாது. கைவினை நுட்பத்தையும் வரலாற்றையும் போற்றும் மனம் அதில் உண்டு. ஆனால் ஒரு கைத்துப்பாக்கியைத் தெரிவு செய்யும்போது அதன் நீள அகலத்தை அளப்பவர், அது எவரெவர் கைக்கு எட்டும், எவர் கண்ணுக்கு எட்டாது என்பதையும் அளந்தாக வேண்டும். அனுமதிப்பத்திரங்களை மீளாய்வு செய்தல், பதிவேடுகளைச் சீராகப் பேணுதல், பொது இடங்களில் சோதனைகளைப் பாரபட்சமின்றி மேற்கொள்ளுதல் ஆகியவை அரசின் கடமை. சோதனை என்பது ஓர் இனத்தவருக்கு மட்டும் உரியதாக அமைந்தால் ஆயுதம் வேறு வழியால் வரும். நம்பிக்கை மட்டுமே அழியும். இதனை எமது ஆட்சியாளர்கள் மறந்துவிடலாகாது.